டிராவல் சி.என்.ஏ. ஆக: அமெரிக்காவில் முதல் ஒப்பந்தம் வரை செய்ய வேண்டியவை

முதியவர்களைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, நாடித்துடிப்பு பார்த்துக் குறிப்பது எல்லாம் சி.என்.ஏ. என்கிற சான்று பெற்ற செவிலிய உதவியாளரின் வேலை. இதையே ஏஜென்சி மூலமாக, ஆள் தட்டுப்பாடு உள்ள ஊர்களுக்குப் போய் எட்டு வாரம், பதின்மூன்று வாரம் என்று ஒப்பந்தம் போட்டுச் செய்பவர்தான் டிராவல் சி.என்.ஏ.

பயிற்சிப் பள்ளிக்காரர்கள் தேர்வைப் பற்றி மட்டும் பேசுவார்கள். ரெக்ரூட்டர் (ஏஜென்சிக்கு ஆள் சேர்ப்பவர்) வாரச் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசுவார். நடுவில் கிடக்கும் காகித வேலையை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. நான் ஒவ்வொன்றாக மோதித் தெரிந்துகொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. வேலை செய்ய அனுமதி இருக்கிறதா?

குடியுரிமை, கிரீன் கார்டு, இல்லையென்றால் செல்லுபடியாகும் வேலை அனுமதி அட்டை. இந்த மூன்றில் ஒன்று கையில் இருந்தால் மேலே படியுங்கள். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்குத் தருவது) இருந்து வேலை அனுமதி பெற்றவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அட்டை காலாவதியாகும் தேதியைப் பார்த்துத்தான் ஒப்பந்தம் பேச வேண்டும். முன்பெல்லாம் புதுப்பிக்க விண்ணப்பித்தாலே அனுமதி தானாக நீளும். 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சலுகை இல்லை. பத்தாவது வாரத்தில் அட்டை முடிகிறது என்றால் பதின்மூன்று வார ஒப்பந்தத்தில் இறங்காதீர்கள்.

ஊரில் இருந்துகொண்டு, "சி.என்.ஏ. விசா வாங்கித் தருகிறோம்" என்ற விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்படித் தனி விசா கிடையாது. பட்டப்படிப்பு தேவைப்படும் வேலைக்குத்தான் எச்-1பி. ஆள் தட்டுப்பாடு உள்ள தொழில் என்று நர்சுகளுக்கு உள்ள ஷெட்யூல் ஏ சலுகையிலும் சி.என்.ஏ. வராது. வழக்கமாக இருக்கிற வழி, வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் ஈ.பி.-3 பிரிவில் 'பிற தொழிலாளர்' என்ற வரிசையில் ஒரு முதலாளி கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் செய்வது. அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லேபர் சர்டிஃபிகேஷன் (இதற்குத் தொழிலாளர் துறையிடம் முதலாளி வாங்கும் ஒப்புதல்) செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பணத்தை உங்களிடம் கேட்கிற ஆளை அத்தோடு விட்டுவிடுங்கள். மேலும் அப்படிக் கிடைக்கும் வேலை ஒரே இடத்தில் நிரந்தரமாகச் செய்வது, ஊர் ஊராகப் போவது அல்ல.

2. எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர்

நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால், விசாவிலும் கிரீன் கார்டிலும் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் முன்னால், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் பின்னால், பயிற்சிச் சான்றிதழில் வெறும் இனிஷியல். தேர்வு நாளன்று அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவுசெய்த பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. தேர்வில் தேறிய பிறகு மாநிலப் பதிவேட்டில் ஏறும் பெயர்தான் பின்னணிச் சோதனை, சம்பளச் சீட்டு, அடுத்த மாநில விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் போகும். ஆகவே பயிற்சியில் சேரும் முன்பே சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் உரிமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், அப்புறம் உரிமம். வரிசை மாறினால் இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும்.

3. பயிற்சியும் தேர்வும்

மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். மாநிலங்கள் அதற்கு மேல் கேட்கலாம்: டெக்சாஸில் 100, ஃபுளோரிடாவில் 120, கலிபோர்னியாவில் 160, மெய்னில் 180. கம்யூனிட்டி காலேஜிலோ தனியார் பள்ளியிலோ சேர்ந்தால் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் ஆகும். சீருடை, நொடி முள் உள்ள கைக்கடிகாரம், தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி.

பலருக்குத் தெரியாத ஒன்று: மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளிடமிருந்து பணம் பெறும் நர்சிங் ஹோமில் (இங்கே அப்படிச் சொன்னால் முதியோர் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம்) நீங்கள் ஏற்கனவே வேலையில் இருந்தாலோ வேலை உறுதியாகியிருந்தாலோ, பயிற்சிக்கும் தேர்வுக்கும் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. கைக்காசு போட்டுப் படித்து முடித்தவர், பன்னிரண்டு மாதத்துக்குள் அப்படி ஓர் இல்லத்தில் சேர்ந்தால், செலவைத் திருப்பித் தர மாநில அரசு வழிசெய்ய வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். ரசீதுகளைக் கிழித்துப் போடாதீர்கள்.

தேர்வு இரண்டு பகுதி. எழுத்துத் தேர்வு தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு தாண்டியவருக்குப் பெரிய விஷயமில்லை. செய்முறைத் தேர்வில்தான் விழுவார்கள், அதுவும் தெரியாததால் இல்லை, வரிசை தவறியதால். கதவைத் தட்டுவது, பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது, என்ன செய்யப் போகிறேன் என்று விளக்குவது, திரை இழுப்பது, முடித்ததும் படுக்கையைத் தாழ்த்தி உதவிக்கு அழைக்கும் பொத்தானைக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பது. இவை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடாமல் ஆளைத் தூக்கினால் அந்தப் பகுதி அங்கேயே தோல்வி. நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்குவதெல்லாம் வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃபுளோரிடாவில் பயிற்சி இல்லாமலே நேரடியாகத் தேர்வு எழுதலாம். ஊரில் நர்சிங் படித்தவர்களுக்கு இது ஆசை காட்டும். ஆனால் பிறகு வேறு மாநிலத்துக்குச் சான்றை மாற்றும்போது "எத்தனை மணி நேரப் பயிற்சி, சான்றிதழ் எங்கே?" என்று கேட்கும் இடங்கள் உண்டு. ஊர் மாறுவதே பிழைப்பாகப் போகிறவர் முறைப்படி பயிற்சியை முடித்துவிடுவது நல்லது.

4. ஓராண்டு ஒரே இடத்தில்

ஏஜென்சிகள் பெரும்பாலும் ஓராண்டு அண்மைக்கால அனுபவம் கேட்கும். ஆறு மாதத்துக்கே எடுப்பவர்களும் உண்டு. நான் சொல்வது ஓராண்டு. டிராவலர் என்று வருபவருக்கு யாரும் கைப்பிடித்துச் சொல்லித் தர மாட்டார்கள், ஹோயர் லிஃப்டில் (ஆளைத் தூக்கி மாற்றும் கருவி) எந்த அளவு ஸ்லிங் (ஆளைத் தாங்கும் துணி) போடுவது என்று அங்கே போய் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. முடிந்தால் முதல் ஆறு மாதம் நர்சிங் ஹோம், அடுத்த ஆறு மாதம் மருத்துவமனை. நர்சிங் ஹோம் உங்களுக்கு வேகத்தைக் கற்றுத் தரும். மருத்துவமனை அனுபவம் இருந்தால் கூடுதலாகத் தரும் ஒப்பந்தங்கள் திறக்கும்.

5. மருத்துவக் காகிதங்கள்: ஒப்பந்தம் பேசும் முன்பே தொடங்க வேண்டும்

ஒப்பந்தம் கைநழுவிப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வேலை உறுதியான பிறகு ஓடினால் நேரம் போதாது.

டி.பி. பரிசோதனை. தோலுக்கு அடியில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்கும் சோதனைதான் மலிவு, அதனால் அதையே முதலில் நீட்டுவார்கள். உங்கள் இடது தோளில் பி.சி.ஜி. தடுப்பூசி வடு இருக்கிறதல்லவா? அந்தத் தடுப்பூசி போட்டவர்களுக்கு இந்தத் தோல் சோதனை தவறாக 'பாசிடிவ்' காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம், ஆண்டுதோறும் அறிகுறிப் படிவம் என்று இழுத்துக்கொண்டே போகும். "சிறு வயதில் பி.சி.ஜி. போட்டிருக்கிறேன், ரத்தப் பரிசோதனை வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். குவாண்டிஃபெரான், டி-ஸ்பாட் இரண்டில் எதுவானாலும் சரி. பி.சி.ஜி. போட்டவர்களுக்கு ரத்தப் பரிசோதனையே ஏற்றது என்பதுதான் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் நிலைப்பாடும்.

தடுப்பூசிப் பதிவுகள். நம் அம்மாக்கள் பத்திரப்படுத்திய மஞ்சளடித்த அட்டை இருந்தாலும், பாதி எழுத்து அழிந்த அதை இங்கே ஏற்பது சந்தேகம். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றுக்கு 'டைட்டர்' எனும் எதிர்ப்புசக்தி ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டால் பழைய அட்டையைத் தேட வேண்டியதில்லை. ஹெபடைட்டிஸ் பி-க்கு எதிர்ப்புசக்தி இல்லை என்று வந்தால், வழக்கமான மூன்று ஊசித் தொடருக்கு ஆறு மாதம் ஆகும். ஒரு மாத இடைவெளியில் இரண்டே ஊசியில் முடியும் ஹெப்லிசாவ்-பி என்பதும் உண்டு, மருந்தகத்தில் கேளுங்கள்.

இதில் ஒரு வரிசைச் சூட்சுமம். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி), சின்னம்மை ஊசி இரண்டும் உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள். இவற்றைப் போட்டுக்கொண்டால் டி.பி. பரிசோதனையை அதே நாளில் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நான்கு வாரமாவது பொறுக்க வேண்டும். ஆகவே முதலில் டி.பி.க்கும் டைட்டருக்கும் ஒரே நாளில் ரத்தம் கொடுங்கள். முடிவு வந்த பிறகு தேவையான ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்து ஒரு மாதத்தை இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

மற்றவை: டி-டாப் ஊசி (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் தடுப்பூசி), குளிர்காலத்தில் ஃபுளூ ஊசி, உடற்தகுதிச் சான்று, என்95 முகக்கவசப் பொருத்தச் சோதனை (ஆண்டுக்கு ஒருமுறை), சிறுநீர் போதைப்பொருள் சோதனை, பி.எல்.எஸ். அட்டை (இதயம் நின்றவருக்கு உயிர்காக்கும் முதலுதவி செய்யும் பயிற்சிச் சான்று). பி.எல்.எஸ். இரண்டாண்டுக்குச் செல்லும். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் அட்டையாகவே எடுங்கள். முழுக்க ஆன்லைனில் இருபது டாலருக்குத் தரும் சான்றை, பொம்மையில் அழுத்திக் காட்டும் நேரடிச் செய்முறை இல்லை என்று பெரும்பாலான இடங்களில் தள்ளிவிடுவார்கள்.

அத்தனையையும் தனித்தனி பி.டி.எஃப். ஆக்கி, கோப்பின் பெயரிலேயே காலாவதித் தேதியை எழுதி, போனிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள். ரெக்ரூட்டர் கேட்ட பத்து நிமிடத்தில் அனுப்புகிறவருக்குத்தான் இடம்.

6. மாநிலத்துக்கு மாநிலம் சான்று

நர்சுகளுக்குப் பல மாநிலங்களில் ஒரே உரிமத்தில் வேலை செய்யும் கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. அது ஆர்.என்., எல்.பி.என். என்ற உரிமம் பெற்ற நர்சுகளுக்கு மட்டும். சி.என்.ஏ.க்கு அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக விண்ணப்பித்து அந்த மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். இதைத்தான் ரெசிப்ராசிட்டி என்கிறார்கள். சில மாநிலங்களில் சில நாளில் முடியும், சிலவற்றில் பல வாரம் இழுக்கும். கலிபோர்னியா போன்ற இடங்களில் லைவ் ஸ்கேன் கைரேகையும் சேரும்.

மூன்று விஷயத்தை மறக்கக் கூடாது. உங்கள் சொந்த மாநிலச் சான்று உயிரோடு இருக்க வேண்டும். கடைசியாகச் சம்பளம் வாங்கிச் செய்த பராமரிப்பு வேலையிலிருந்து தொடர்ந்து 24 மாதம் கடந்துவிட்டால் மறுபடியும் தேர்வு எழுத வேண்டும், சில இடங்களில் பயிற்சியையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிராகத் துன்புறுத்தல், புறக்கணிப்பு, பொருள் அபகரிப்பு என்று எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது, இருந்தால் நர்சிங் ஹோம் கதவு எந்த மாநிலத்திலும் திறக்காது. பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் பெயரை நீங்களே தேடி அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள்.

என் கருத்து: முதல் ஒப்பந்தத்தைச் சொந்த மாநிலத்திலேயே, மூன்று நான்கு மணி நேரப் பயணத் தூரத்தில் எடுங்கள். ரெசிப்ராசிட்டி தலைவலி இல்லாமல் இந்த வாழ்க்கை ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். அந்தப் பதின்மூன்று வாரத்துக்குள் பக்கத்து மாநிலத்துக்கு விண்ணப்பம் போட்டுவிடலாம்.

7. சம்பளத்தைப் பிரித்துப் பாருங்கள்

அமெரிக்காவில் சி.என்.ஏ.வின் இடைநிலை ஆண்டு வருமானம் 2024 நிலவரப்படி 39,000 டாலரைச் சற்றே தாண்டும். டிராவல் ஒப்பந்தத்தில் வாரத்துக்கு இவ்வளவு என்று பெரிய எண்ணாகச் சொல்வார்கள். அந்த எண் எதனால் ஆனது என்பதே கேள்வி.

கணக்குக்காக இரண்டு ஒப்பந்தங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் வாரத்துக்கு 40 மணி நேரம், 1,080 டாலர். முதலாவதில் மணிக்கு 27 டாலர், முழுவதும் வரிக்கு உட்பட்டது. இரண்டாவதில் மணிக்கு 18 டாலர் சம்பளம், அது 720. மீதி 360 டாலர் தங்குவதற்கும் சாப்பாட்டுக்குமான படி, வரி கிடையாது. கையில் வருவது இரண்டாவதில்தான் கூடுதல். ஆனால் 40 மணி நேரத்துக்கு மேல் போனால் முதலாவதில் ஒன்றரை மடங்கு என்பது 40.50 டாலர், இரண்டாவதில் பெரும்பாலும் 27 தான் தருவார்கள். வாரத்தில் இரண்டு ஷிஃப்ட் கூடுதலாக இழுப்பவருக்கு முதலாவதே லாபம். வேலையில்லாக் காலப் படி, சோஷியல் செக்யூரிட்டி கணக்கு எல்லாமும் அந்த 18 டாலரை வைத்துத்தான் கணக்கிடப்படும். படி கூட, சம்பளம் குறைய என்றால் அது இலவசப் பணம் அல்ல.

8. 'டாக்ஸ் ஹோம்' இருக்கிறதா?

வரியில்லாத படி வாங்க உங்களுக்கு 'டாக்ஸ் ஹோம்', அதாவது வரிக் கணக்கில் உங்கள் நிலையான ஊர், இருக்க வேண்டும். வருமான வரித் துறை மூன்றைப் பார்க்கும்: நிரந்தர வீடுள்ள பகுதியிலும் நீங்கள் கொஞ்சமாவது வேலை செய்கிறீர்களா, வெளியூரில் தங்கும்போது இங்கும் அங்கும் இரட்டைச் செலவு ஆகிறதா, அந்த வீட்டைக் கைவிடாமல் இருக்கிறீர்களா. மூன்றும் இருந்தால் கவலை இல்லை. ஒன்றுதான் இருக்கிறது என்றால் நீங்கள் நாடோடிக் கணக்கில் வருவீர்கள், படி முழுவதும் வரிக்கு உட்பட்ட வருமானம்.

கணவரும் பிள்ளைகளும் டாலஸில் வாடகை வீட்டில், நீங்கள் அமரில்லோவில் ஒப்பந்தத்தில் என்றால் வாடகையில் உங்கள் பங்கு இருக்கும், இடையில் ஊர் திரும்பி வேலையும் செய்வீர்கள், பிரச்சினை இல்லை. அக்கா வீட்டில் ஓர் அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு அந்த முகவரியை மட்டும் காட்டுகிறவருக்குத்தான் ஆபத்து. சொந்தம் என்றாலும் சந்தை நிலவரப்படி வாடகை கொடுத்து வங்கிக் கணக்கில் தடம் இருக்க வேண்டும். ஒரே பகுதியில் ஓராண்டுக்கு மேல் வேலை நீடிக்கும் என்று தெரிந்தால், அந்தக் கணத்திலிருந்து படிக்கு வரி வந்துவிடும்.

"ஐம்பது மைல் தாண்டினால் போதும், வரி கிடையாது" என்று ரெக்ரூட்டர் சொல்வார். அது ஏஜென்சிகள் வைத்துக்கொண்ட விதி, வரித் துறை விதி இல்லை. தணிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். டிராவல் ஊழியர் கணக்கு தெரிந்த வரி ஆலோசகரை முதல் ஆண்டு மட்டுமாவது பாருங்கள், வேலை செய்த மாநிலத்திலும் தனியாக வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கலாம்.

9. கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

உத்தரவாத மணி நேரம் எத்தனை? ஆள் அதிகமாகிவிட்டது என்று அங்கே உங்களைத் திருப்பி அனுப்பினால் சம்பளம் உண்டா? ஒரு ஷிஃப்ட் தவறினால் படியில் எவ்வளவு பிடிப்பார்கள்? அவர்கள் ஒப்பந்தத்தை ரத்துசெய்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? வேறு தளத்துக்கு அல்லது அதே நிறுவனத்தின் வேறு ஊர்க் கட்டடத்துக்கு மாற்றுவார்களா? மருத்துவக் காப்பீடு முதல் நாளிலிருந்தா? ஒரு சி.என்.ஏ.வுக்கு எத்தனை ரெசிடென்ட் (இல்லத்தில் தங்கியிருப்பவர்)?

கடைசிக் கேள்விக்கு ரெக்ரூட்டரிடம் சரியான பதில் கிடைக்காது. அந்த இல்லத்தின் மேலாளரோடு பேசும்போது பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். மெடிகேரின் 'கேர் கம்பேர்' தளத்தில் இல்லத்தின் பெயரைப் போட்டால் நட்சத்திர மதிப்பீடும், பணியாளர் எண்ணிக்கையும், சோதனையில் அகப்பட்ட குறைகளும் தெரியும். ஒரு நட்சத்திரம் வாங்கிய இல்லம் ஏன் இவ்வளவு அள்ளிக் கொடுக்கிறது என்பதற்கு விளக்கம் அங்கேயே இருக்கும்.

வாயால் சொன்னது கணக்கில் வராது. தீபாவளிக்கு இரண்டு நாள் விடுப்பு என்றாலும் தேதியோடு ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். எனக்கு ஓர் ஏஜென்சி வாய்ப்பேச்சில் தந்த விடுப்பு, அந்த வாரம் வந்தபோது யாருக்கும் நினைவில் இல்லை.

சில செயலிகளில் ஷிஃப்ட் ஷிஃப்டாக எடுக்கும் வேலையும் உண்டு. 1099 படிவம் (தனி ஒப்பந்தக்காரருக்கு) தருவார்களா, டபிள்யூ-2 (ஊழியருக்கு) தருவார்களா என்று முதலில் பாருங்கள். 1099 என்றால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியின் முதலாளி பங்கும் சேர்த்து 15.3 சதவீதம் உங்கள் தலையில்.

10. தங்குமிடம்

முதல் இரண்டு வாரத்துக்கு சமையலறையோடு கூடிய எக்ஸ்டெண்டட் ஸ்டே விடுதி போதும். வேலை பிடித்ததா என்று பார்த்துவிட்டு மாத வாடகைக்கு மாறலாம். பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள், டிராவல் ஊழியர்களைக் குறிவைத்தே போலி விளம்பரம் போடுகிறார்கள். சின்ன ஊர்களில் பேருந்து கிடையாது, கார் இல்லாமல் முடியாது. விடுதியில் தாளிக்கும்போது மட்டும் புகை அலாரத்தை நினைவில் வையுங்கள். மிளகாய் வற்றல் போட்டால் மொத்தத் தளமும் வெளியே வந்து நிற்கும்.

கையில் குறைந்தது ஒரு மாதச் செலவுக்கான பணம் வேண்டும். சம்பளம் வாரா வாரம் வந்தாலும் முதல் சம்பளம் வரப் பத்துப் பதினைந்து நாள் ஆகலாம், அதற்குள் வாடகையும் பெட்ரோலும் காத்திருக்காது.

11. முதல் ஷிஃப்ட்

பயிற்சி என்று சில மணி நேரம்தான் தருவார்கள். அதற்குள் கதவுக் குறியீடு, செய்த பராமரிப்பைக் கணினியில் பதியும் சார்ட்டிங் லாகின் (நர்சிங் ஹோமில் பெரும்பாலும் பாயிண்ட்கிளிக்கேர் மென்பொருள்), லிஃப்டும் ஸ்லிங்கும் இருக்கும் இடம், சார்ஜ் நர்ஸ் (அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான நர்ஸ்) பெயர் ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். பழைய ஷிஃப்ட் ஆள் கிளம்பும் முன் அவரோடு அறை அறையாக ஒரு சுற்று போங்கள். மேசையில் உட்கார்ந்து வாங்கும் தகவலை நம்பாதீர்கள். அந்தச் சுற்றில் துண்டுத்தாளில் குறிக்க வேண்டியது: யாருக்கு இருவர் சேர்ந்து தூக்க வேண்டும், விழுங்கச் சிரமப்படுவதால் யாருக்குக் கெட்டியாக்கிய தண்ணீர் மட்டும், யார் எழுந்து நடந்து விழக்கூடியவர், யாருக்கு இடுப்பு அறுவை நடந்தது. ஈரமாகக் கிடப்பவரை அந்தச் சுற்றிலேயே கண்டுவிட்டால் அது யார் ஷிஃப்டில் நடந்தது என்ற பேச்சே எழாது.

அவர்கள் கொடுத்த எண்ணிக்கை பாதுகாப்பானதாக இல்லை என்று தோன்றினால், ரெசிடென்ட்களைப் பொறுப்பேற்கும் முன்பே சார்ஜ் நர்சிடமும் ஏஜென்சியிடமும் சொல்லுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு பாதியில் கிளம்பினால் அது கைவிடல் புகாராகிப் பதிவேடு வரை போகலாம்.

12. எட்டாவது வாரம்

ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, வேறு ஊரா என்பதை எட்டாவது வாரத்தில் முடிவுசெய்து ரெக்ரூட்டரிடம் சொல்லுங்கள். நீட்டிப்பின்போதுதான் கூடுதல் சம்பளம் கேட்க வலு இருக்கும், ஏனென்றால் புதிய ஆளைக் கொண்டுவந்து பழக்குவது அவர்களுக்குச் செலவு. கிளம்புவது என்றால் கடைசி வாரத்துக்கு முன்பே சார்ஜ் நர்சிடம் மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள், மூன்று மாதம் கழித்துத் தேடினால் அந்த ஆள் அங்கே இருக்க மாட்டார். கையெழுத்தான நேரப் பதிவுத் தாள்கள், சம்பளச் சீட்டுகள், இரு வீட்டு வாடகை ரசீதுகள் எல்லாம் ஒரே கோப்பில் போகட்டும். அடுத்த மாநில ரெசிப்ராசிட்டிக்கும் ஏப்ரல் மாத வரிக் கணக்குக்கும் அதே கோப்புதான் வேண்டியிருக்கும்.